தந்தியும் ஓ.டி.பி.யும்: ஜவ்வாது மலையில் ஒரு பாறையின் கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் பிடித்து வைப்பேன் என்று இன்றைக்கும் என்னைக் குறை சொல்கிறீர்கள். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் ஜவ்வாது மலையிலிருந்து ஒரு பழைய மாணவன் போன் செய்தான். 1988-ல் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். இப்போது அவனுடைய மகள் திருவண்ணாமலையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அந்தப் பெண் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்திருக்கிறாள். ஆதார் எண்ணைத் தட்டினால் ஆறு இலக்க ஓ.டி.பி. வர வேண்டும். அது எந்த போனுக்கு வரும்? சின்ன வயதில் ஆதார் எடுத்தபோது கொடுத்த அப்பாவின் எண்ணுக்கு. அப்பா எங்கே இருக்கிறார்? மலையில், சிக்னல் இல்லாத ஊரில்.

அதனால் அவன் காலை ஒன்பது மணிக்கு ஊருக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பாறைக்கு ஊரில் இப்போது "டவர் பாறை" என்று பெயர். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் காத்திருந்தான். சென்டரில் சர்வர் வேலை செய்யவில்லை. மாலை மூன்றரைக்கு மேல்தான் ஓ.டி.பி. வந்தது. மகளை அழைத்து நான்கு இலக்கம் சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது. மறுபடி கிடைப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. மறுநாளும் ஏறினான். அன்றைக்கு வேலை முடிந்தது.

முடிந்த சந்தோஷத்தில் அதே பாறையிலிருந்து எனக்கும் ஒரு போன். "அந்தக் காலத்துல தந்தி வந்தா நீங்கதான் சார் படிச்சுச் சொல்லுவீங்க. இப்ப எனக்கு வர்றத நானே படிச்சுடுவேன். வந்தாத்தானே சார் படிக்க?" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

நான் வேலையில் சேர்ந்தது 1987-ல். அப்போது நம் மாவட்டமே பிறக்கவில்லை. வட ஆற்காடு மாவட்டம். எதற்கெடுத்தாலும் வேலூர் போக வேண்டும். 1989 செப்டம்பர் 30-ல்தான் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது. ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்துக் காத்திருந்து கிடைத்த முதல் பணி, மலைமேல் ஒரு சின்னப் பள்ளி. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். சாமைக் கொல்லையும் பலா மரங்களும் தாண்டிப் போகும் ஒற்றையடிப் பாதை.

அங்கே வாத்தியாருக்குப் பாடம் நடத்துவதோடு இன்னொரு வேலையும் உண்டு. வருகிற கடிதங்களைப் படித்துச் சொல்ல வேண்டும், பதில் எழுதித் தர வேண்டும். எப்போதாவது தந்தி வரும். தந்தி என்றாலே அழுகைதான். உறையைப் பிரிப்பதற்கு முன்பே பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் இருக்கும் அந்த நாலைந்து வார்த்தையைப் படித்துவிட்டு எப்படிச் சொல்வது என்று நான் திணறுவேன்.

எனக்கும் ஒரு தந்தி வந்தது. உறவுகளுக்கு இது தெரியும். மாணவர்களிடம் நான் சொன்னதில்லை. 1988 மழைக்காலம். அப்பா இறந்தது ஒரு வெள்ளிக்கிழமை. தம்பி அன்றைக்கே தந்தி கொடுத்துவிட்டான். அடிவாரம் வரைக்கும் அது சில மணி நேரத்தில் வந்துவிட்டது. அங்கிருந்து மலையேறி என் கைக்கு வந்தது திங்கட்கிழமை மதியம். நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது பால் தெளித்து முடித்திருந்தார்கள். மூத்த மகன் நான். கொள்ளி வைத்தது தம்பி.

யார் மேலும் தவறில்லை. மழையில் பாதை அடைத்திருந்தது. ஆனால் ஒன்று மட்டும் மனதில் தங்கிவிட்டது. கணக்குப்படி அது வெள்ளிக்கிழமையே சேர்ந்துவிட்ட தந்தி. என் கணக்கில் அது மூன்று நாள் பிந்தி வந்தது. அனுப்பினோம் என்பது வேறு, வந்து சேர்ந்தது என்பது வேறு. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், நம் நாட்டுத் தகவல் தொடர்பு வரலாறு முழுவதும் வேறு மாதிரித் தெரியும்.

வரலாற்றுக்கு வருவோம்.

இந்தியாவில் முதல் தந்திக் கம்பி 1851-ல் கல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் இடையே போடப்பட்டது. தொலைபேசி நிலையங்கள் 1882-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் வந்தன. துறைமுகமும் வியாபாரமும் எங்கே இருந்ததோ அங்கே கம்பி போனது. அடுத்த நூறு ஆண்டுகளில் அது மாவட்டத் தலைநகரங்களுக்கும் தாலுகா ஊர்களுக்கும் வந்தது. 1984 வாக்கில் எழுபது கோடியைத் தாண்டிய மக்கள்தொகைக்கு மொத்தத் தொலைபேசிகள் சுமார் 30 லட்சம்தான். பணம் கட்டிப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள்.

கிராமத்துக்கு ஏன் தொலைபேசி வரவில்லை? பணம் ஒரு காரணம். இயந்திரம் இன்னொரு காரணம். வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய எக்ஸ்சேஞ்ச் இயந்திரங்களுக்குக் குளிரூட்டிய அறை வேண்டும், தடையில்லாத மின்சாரம் வேண்டும், ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் வேண்டும். நம் கிராமத்தில் இருந்தது வெயில், தூசி, மின்வெட்டு.

1984-ல் சி-டாட் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தை மத்திய அரசு தொடங்கியது. சாம் பிட்ரோடா பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கிருந்த இளம் பொறியாளர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். எக்ஸ்சேஞ்சுக்கு ஏற்றபடி கிராமத்தை மாற்றுவதற்குப் பதிலாகக் கிராமத்துக்கு ஏற்ற எக்ஸ்சேஞ்சைச் செய்தால் என்ன? அப்படிப் பிறந்ததுதான் 128 இணைப்புகள் தரும் சின்ன எக்ஸ்சேஞ்ச். ஏ.சி. தேவையில்லை. சாதாரண அறையில் ஒரு பீரோ மாதிரி நிற்கும். முதலாவது 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில் வேலை செய்யத் தொடங்கியது. பிறகு ஆயிரக்கணக்கான ஊர்களுக்குப் போனது. நாம் பார்த்த எஸ்.டி.டி. பூத்துகள் பெருகியதும் அதே காலத்தில்தான். இரவு கட்டணம் குறையும் நேரம் வரைக்கும் பூத் வாசலில் காத்துக்கிடந்ததை எத்தனை பேர் மறந்திருப்பீர்கள்? துபாயிலோ மும்பையிலோ இருந்த மாமாவோடு பேச, கண்ணாடிக் கூண்டுக்குள் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசியது?

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கிராமத்துக்குத் தொலைபேசி தானாக வரவில்லை. லாபம் வந்ததால் வரவில்லை. யாரோ உட்கார்ந்து, "இங்கேயும் போக வேண்டும்" என்று முடிவு எடுத்ததால் வந்தது.

முடிவு எடுத்தால் மட்டும் போதுமா? அதற்கும் வரலாறு பதில் சொல்கிறது. 1994-ன் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, 1997-க்குள் எல்லாக் கிராமங்களுக்கும் தொலைபேசி என்று சொன்னது. 1999-ல் அடுத்த கொள்கை வந்தபோது, சுமார் 3 லட்சத்து 10 ஆயிரம் கிராமங்களுக்குத்தான் வந்திருக்கிறது என்று அரசே ஒப்புக்கொண்டது. நாட்டில் அப்போது ஏறக்குறைய ஆறு லட்சம் கிராமங்கள். பாதிதான். உரிமம் வாங்கிய தனியார் நிறுவனங்களுக்கும் கிராமத் தொலைபேசி போடும் கடமை எழுத்தில் இருந்தது. பெரும்பாலும் அது எழுத்திலேயே நின்றது.

அந்தப் பாதியிலும் எத்தனை உயிரோடு இருந்தன? தொலைவான கிராமங்களுக்கு ரேடியோ அலை வழியாக இணைப்புக் கொடுக்கும் முறை ஒன்று இருந்தது. மார் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நான் பார்த்த ஒரு மலைக் கிராமத்திலும் அந்தப் பெட்டி வந்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்து, கூரைமேல் ஆண்டெனா கட்டினார்கள். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. சில மாதம் பேசியது, பிறகு ஊமையாகிவிட்டது. அந்த வீட்டு அம்மா அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்திருந்தார். ஆனால் பட்டியலில் அது "தொலைபேசி உள்ள கிராமம்". நாடு முழுவதும் இந்த முறை அடிக்கடி பழுதாகிறது என்று தெரிந்து, பின்னால் சுமார் 1 லட்சத்து 85 ஆயிரம் மார் தொலைபேசிகளை மாற்ற வேண்டி வந்தது.

அடுத்து செல்போன்.

1995 ஜூலை 31-ல் மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமோடு பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு அதுதான். நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை. நாம் அழைத்தாலும் காசு, நமக்கு யாராவது அழைத்தாலும் காசு. 2002-ல் பி.எஸ்.என்.எல். செல்போன் சேவை வந்தது. 2003-ல் வரும் அழைப்புகள் இலவசமாயின. அதோடு எல்லாம் மாறிப்போனது. மிஸ்டு கால் கொடுத்தே வாழ்க்கை நடத்திய ஒரு தலைமுறை உங்களுடையது!

ஆனால் ஒரு பழைய கதை திரும்பவும் ஆரம்பித்தது. டவர் எங்கே போனது? கூட்டம் இருக்கும் இடத்துக்கு. ஒரு டவருக்கு இடம் வேண்டும், மின்சாரம் வேண்டும், மின்சாரம் போனால் டீசல் ஜெனரேட்டர் வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கீழே இருக்கும் வலையோடு அதை இணைக்கக் கண்ணாடி இழைக் கேபிளோ மைக்ரோவேவ் தட்டோ வேண்டும். கேபிள் காட்டு வழியே போனால் வனத்துறை அனுமதி வேண்டும். சமவெளியில் ஒரு டவர் போட்டால் ஐந்தாறு ஊர் பேசும். மலையில் அதே செலவில் ஐம்பது வீடு பேசும். வியாபாரி எதைத் தேர்ந்தெடுப்பார் என்று கேட்கத் தேவையில்லை.

ஐம்பது வீடாவது ஏன்? இதை விளக்க நம் ஊர்க்காரர்களுக்குக் கரும்பலகை தேவையில்லை. கார்த்திகை தீபம் போதும்.

2,668 அடி உயரத்தில் அண்ணாமலையார் மலை உச்சியில் ஏற்றும் தீபம், சமவெளியில் எத்தனையோ ஊர்களுக்குத் தெரிகிறது. ஆனால் நடுவில் ஒரு குன்று இருந்தால்? அதன் மறைவில் நிற்பவருக்குத் தெரியாது. தூரம் குறைவுதான், தீபமும் பெரியதுதான். மறைப்பு ஒன்று போதும். செல்போன் அலை வெளிச்சத்தைவிடக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், சுவரைத் தாண்டும். ஆனால் மலையைத் தாண்டாது. ஜவ்வாது மலை ஒரே மேடு கிடையாது. மடிப்பு மடிப்பாகப் போகும். ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஒரு ஊர். ஒரு டவரின் அலை முதல் மடிப்பிலேயே முட்டி நின்றுவிடும்.

1988-ல் தீபத்தன்று பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு மேலே இருந்த பாறைக்கு நடந்தேன். பள்ளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாறைமேல் ஏறினால் கிழக்கே சமவெளி திறக்கும். அன்று வானம் தெளிவாக இருந்தது. தூரத்தில் ஒரு சின்னப் பொட்டாகத் தீபத்தைப் பார்த்தோம். அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நம் ஊர் அந்தப் பொட்டுக்குக் கீழேதானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் என் மாணவன் ஏறி உட்கார்ந்த டவர் பாறை எது என்று கேட்டேன். "நாம தீபம் பார்த்தோமே சார், அதேதான்" என்றான். ஆச்சரியம் ஒன்றுமில்லை. எந்த இடத்திலிருந்து சமவெளி தெரிகிறதோ, அங்கேதான் சமவெளியின் டவரும் கிடைக்கும். தீபம் வருடத்துக்குச் சில நாள். அதற்குப் பாறை ஏறலாம். ஓ.டி.பி.க்குத் தினமும் ஏற முடியுமா?

"அரசு ஒன்றும் செய்யவில்லையா வாத்தியாரே?" என்று கேட்பீர்கள். செய்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும்.

2002-ல் அனைவருக்கும் சேவை நிதி என்று ஒன்று தொடங்கினார்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தை அதற்குத் தர வேண்டும். நகரத்தில் நாம் பேசும் காசிலிருந்து ஒரு துளி, லாபம் வராத ஊருக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. 2006-ல் சட்டத்தைத் திருத்திச் செல்போனுக்கும் அதைப் பயன்படுத்தலாம் என்றார்கள். 2007-ல் அந்த நிதியிலிருந்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட டவர்கள் போடும் திட்டம் வந்தது. ஒரே டவரை மூன்று நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளலாம். நல்ல யோசனை.

ஆனால் எந்த ஊருக்கு? சேவை இல்லாத, 2,000 பேராவது உள்ள கிராமத்துக்கு அல்லது கிராமத் தொகுப்புக்கு. இங்கேதான் மலை நழுவிப் போனது. நம் ஜவ்வாதுமலை ஒன்றியத்தில் 11 ஊராட்சிகள். ஒவ்வொரு ஊராட்சியும் மடிப்புக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும் பல குக்கிராமங்கள் சேர்ந்தது. முப்பது வீடு இங்கே, நாற்பது வீடு அங்கே. ஒரே டவர் கண்ணுக்குத் தெரியும்படி 2,000 பேர் ஒரே இடத்தில் எங்கே இருப்பார்கள்? யாரும் வேண்டுமென்று விடவில்லை. அளவுகோல் சமவெளியில் செய்தது, அவ்வளவுதான்.

அந்த நிதியில் பல ஆயிரம் கோடி ரூபாய் செலவாகாமல் தேங்கிக் கிடந்ததையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. தணிக்கைத் துறையே அதைச் சுட்டிக்காட்டியது.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. அந்த ஆண்டுதான் ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கினார்கள், அடுத்த ஆண்டு 60. ஆகவே எனக்குக் கூடுதலாகக் கிடைத்த இரண்டு ஆண்டுகள் கொரோனா ஆண்டுகள். அப்போது மலையடிவாரத்தில் ஒரு பள்ளியில் இருந்தேன். என் வகுப்பில் 31 பிள்ளைகள். வாட்ஸ்அப்பில் பாடக் குறிப்பு அனுப்புவேன். கல்வித் தொலைக்காட்சி நேரத்தையும் அனுப்புவேன். ஒன்பது பிள்ளைகளின் வீட்டில் போன் இல்லை, அல்லது போன் இருந்தும் சிக்னல் இல்லை. எனக்கு அது தெரியும். இருந்தும் பதிவேட்டில் 31 பேருக்கும் நேரே "அனுப்பப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "பெறப்பட்டது" என்று ஒரு கட்டம் அந்தப் பதிவேட்டில் இல்லை. நானாவது ஒரு கோடு இழுத்து அந்தக் கட்டத்தைப் போட்டிருக்கலாம். போடவில்லை.

ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. அந்த ஒன்பது பேரில் மூன்று பேர் எழுத்துக்கூட்டவும் மறந்து வந்தார்கள். ஒருவன் வரவே இல்லை. திருப்பூருக்குப் போய்விட்டான் என்றார்கள். பதிவேட்டின்படி அவனும் பாடம் பெற்றவன்தான்.

அதே 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது நான் புரிந்துகொண்டது ஒன்று. அலை போகாத இடத்துக்கு ஆள் போகலாம். மாலை நேரத்தில் தன்னார்வலர்கள், பெரும்பாலும் படித்த பெண்கள், தெருவிலேயே பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். 1988-ல் என் தந்தியைச் சுமந்துகொண்டு மழையில் மலையேறி வந்தவரின் வேலையும் அதுதான். ஆனால் எல்லாவற்றையும் ஆள் சுமந்து போக முடியாது. ஓ.டி.பி.யை யார் சுமப்பது?

இதுதான் இன்றைய நிலையின் கூர்மை. முன்பு தொலைபேசி இல்லையென்றால் பேச முடியாது, அவ்வளவுதான். இன்றைக்கு அரசின் வாசலே போனுக்குள் போய்விட்டது. ரேஷன் கடையில் விரல் வைத்தால் இயந்திரம் சர்வரைக் கேட்க வேண்டும். நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி முதல் ஆப்பில் படம் எடுத்து வருகை ஏற்ற வேண்டும் என்றார்கள். வங்கி, உதவித்தொகை, பட்டா, எல்லாவற்றுக்கும் ஆறு இலக்கம். 2008 முதல் நம் மாநிலத்தில் 108 ஓடுகிறது. அதை அழைக்கவும் சிக்னல்தான் வேண்டும். வாசலை நகர்த்தி வைத்தவர்கள், அந்த வாசலுக்கு வழியும் போட வேண்டும். சிக்னல் இனி வசதிப் பொருள் இல்லை. குடிநீர், சாலை, மின்சாரம் என்கிற வரிசையில் நான்காவது.

நல்ல செய்திகளும் உண்டு. 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை, செல்போன் சேவையே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 26,316 கோடி ரூபாயில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பி.எஸ்.என்.எல். அதைச் செய்கிறது, உள்நாட்டிலேயே உருவாக்கிய கருவிகளைக் கொண்டு. அதில் சி-டாட்டின் பங்கும் இருக்கிறது. கித்தூருக்குப் பீரோ செய்த அதே சி-டாட்! 2025 ஜனவரியில் இன்னொரு ஏற்பாடு வந்தது. அரசு நிதியில் போட்ட 4ஜி டவர்களில், சிம் எந்த நிறுவனத்துடையதானாலும் சிக்னல் எடுத்துக்கொள்ளலாம். ஒரு மலைக்கு நாலு டவர் வராது. வந்த ஒன்றை நாலு பேரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதுதான் சரியான வழி.

எண்ணுவது எப்படி என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று. பிரிட்டனில் 2020-ல் அரசும் நான்கு செல்போன் நிறுவனங்களும் சேர்ந்து நூறு கோடி பவுண்டு செலவில் கிராமப்புறத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. அவர்கள் வைத்த இலக்கு, நிலப்பரப்பில் 95 சதவீதத்துக்கு 4ஜி. எத்தனை சதவீத மக்களுக்கு என்று மட்டும் எண்ணினால், நகரங்களை முடித்தவுடனே கணக்கு அழகாகிவிடும். மலையும் ஓரமும் அந்தக் கணக்கில் தெரியவே தெரியாது. நிலத்தை எண்ணினால் ஸ்காட்லாந்து மலைகளைத் தவிர்க்க முடியாது. எதை எண்ணுகிறோமோ அதுதான் நடக்கும். வகுப்பில் மார்க் எதற்கோ அதைத்தானே நீங்களும் படித்தீர்கள்?

சரி, நாம் என்ன செய்யலாம்? உங்களில் சிலர் ஊராட்சிகளில் இருக்கிறீர்கள், சிலர் தொலைத்தொடர்பு நிறுவனங்களில் வேலை செய்கிறீர்கள், பலர் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்.

முதலாவது, உங்கள் ஊரின் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் நடந்து போய்க் குறித்துக்கொண்டு வாருங்கள். எந்த நிறுவனத்தின் சிக்னல், வீட்டுக்குள் கிடைக்கிறதா, வாசலிலா, பாறைமேலா? தேதி, நேரம், இடம். "எங்கள் ஊரில் டவர் இல்லை" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். இன்ன இடத்தில் இத்தனை வீடு, அருகில் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு இவ்வளவு தூரம் என்று எழுதினால் அது ஆவணம்.

இரண்டாவது, அதை நிறுவனங்களின் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். எங்கெங்கே சேவை இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது 2024-ல் டிராய் கொண்டுவந்த விதி. வரைபடத்தில் வண்ணம் பூசியிருக்கும் இடத்தில் உங்கள் போன் ஊமையாக இருந்தால், அந்த வித்தியாசம்தான் உங்கள் மனு. அனுப்பப்பட்டது ஒரு பக்கம், பெறப்பட்டது இன்னொரு பக்கம்.

மூன்றாவது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தீர்மானமாகப் போட்டு, டவருக்கு ஊராட்சி எந்த இடத்தைத் தர முடியும் என்பதையும் அதிலேயே எழுதி, மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். இடத்தோடு வரும் மனுவுக்குக் கனம் அதிகம்.

நான்காவது, ஊராட்சி அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ கேபிள் இணையம் வந்திருந்தால், வைஃபை வழியாகவே போன் பேசும் வசதி இப்போது பல போன்களில் இருக்கிறது. டவர் வரும்வரை அது ஒரு கைத்தடி. ஊர்ப் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

நானும் சும்மா இருக்கப்போவதில்லை. வயது அறுபத்து மூன்றாகிறது, முழங்கால் வலி இருக்கிறது. இருந்தாலும் இந்த மழை முடிந்ததும் மலைக்குப் போகிறேன். என் மாணவன் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் ஊரையும் சுற்றியுள்ள குக்கிராமங்களையும் ஒவ்வொன்றாகக் குறிக்கப் போகிறோம். ஒரு நீள நோட்டு வாங்கிவிட்டேன். ஊர்ப் பெயர், வீடுகள், எந்த சிக்னல் என்று கட்டம் போட்டிருக்கிறேன். கடைசியில் ஒரு கட்டம், "வந்து சேர்ந்ததா?"

தேதி முடிவானதும் இங்கே எழுதுகிறேன். வர முடிந்தவர்கள் வாருங்கள். நல்ல செருப்பும் தண்ணீர் பாட்டிலும் கொண்டு வாருங்கள். வர முடியாதவர்கள் உங்கள் ஊரில் எங்கெங்கே சிக்னல் இல்லை என்று கீழே எழுதுங்கள். யார் ஊரையும் விடாமல் குறித்துக்கொள்கிறேன்.

அவன் மகளுக்கு உதவித்தொகை விண்ணப்பம் ஏற்கப்பட்டதா என்று இன்னும் தெரியவில்லை. தெரிந்ததும் அவனுக்குக் குறுஞ்செய்தி வருமாம். அது வந்ததா என்று பார்க்க, இரண்டு நாளைக்கு ஒருமுறை பாறைக்குப் போய் வருகிறான்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்
திருவண்ணாமலை